செடிக்குள்ள பம்ப்செட் இருக்கா? வெயிலையும் குளிரையும் வைத்துத் தேடிய ஜெகதீஷ் சந்திர போஸ்

ஏப்ரல் மாதம், மதியம் இரண்டு மணி. பொள்ளாச்சி பக்கம் ஒரு தோட்டம். காலையில்தான் தண்ணீர் பாய்ந்திருக்கிறது, பாத்தியில் இன்னும் ஈரம் இருக்கிறது. ஆனால் வேலியோரத்து அரசாணிக் கொடியைப் பார்த்தால் பத்து நாளாகத் தண்ணீர் காணாதது போல இலையெல்லாம் தொங்கிக் கிடக்கும். வாழை இலை நடு நரம்பின் இரண்டு பக்கமும் கீழே மடிந்திருக்கும். யாரும் மறுபடி தண்ணீர் விடுவதில்லை. சாயங்காலம் ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் கொடி தானாகவே நிமிர்ந்து நிற்கும்.

மண்ணில் தண்ணீர் இருக்கு, வேரும் நல்லா இருக்கு. அப்புறம் ஏன் மதியம் மட்டும் வாடுது?

வெயில் ஏறினால் செடிக்குள் நீர் ஓடும் வேகம் மாறுகிறது, குளிர்ந்தால் வேறு மாதிரி மாறுகிறது. இது ஏன் என்று கண்டுபிடிக்கத் தன் வாழ்க்கையின் பிற்பாதியையே செலவழித்தவர் ஜெகதீஷ் சந்திர போஸ். பள்ளிப் பாடப் புத்தகத்தில் செடிக்கும் உயிர் உண்டு என்று நிரூபித்தவர் என ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள். உண்மைக் கதை அதைவிடச் சிக்கலானது. அதில் பெரிய வெற்றி இருக்கிறது, பெரிய தோல்வியும் இருக்கிறது.

கொள்ளைக்காரன் தோளில் ஏறிப் பள்ளிக்குப் போன பையன்

1858 நவம்பர் 30 அன்று, இன்றைய வங்கதேசத்தில் இருக்கும் மைமன்சிங்கில் பிறந்தார் போஸ். அப்பா பகவான் சந்திர போஸ் ஆங்கில அரசில் டெபுடி மாஜிஸ்திரேட். சிறு வயது ஃபரித்பூரில் கழிந்தது. இந்த ஊர்ப் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் ஒரு மரத்துக்காக இங்கே திரும்பி வர வேண்டியிருக்கும்.

அந்தக் காலத்து அதிகாரிகள் பிள்ளைகளை ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்புவதுதான் வழக்கம். பகவான் சந்திரர் மகனை வங்காள மொழிப் பள்ளியில் சேர்த்தார். பெஞ்சில் ஒரு பக்கம் வீட்டு உதவியாளரின் மகன், இன்னொரு பக்கம் மீனவரின் மகன். பூச்சி, மீன், செடி பற்றிய கதைகளை அவர்களிடம்தான் கேட்டு வளர்ந்தார். அவரைப் பள்ளிக்குத் தூக்கிக்கொண்டு போனவர் ஒரு முன்னாள் கொள்ளைக்காரர். மாஜிஸ்திரேட் அப்பாவே தண்டனை கொடுத்துச் சிறைக்கு அனுப்பிய ஆள், வெளியே வந்ததும் வேலை கேட்டு வந்து நின்றார். அப்பா மகனையே ஒப்படைத்துவிட்டார். சினிமாவில் வைத்தால்கூட நம்ப மாட்டோம்.

கொல்கத்தா செயின்ட் சேவியர் கல்லூரியில் படித்துவிட்டு 1880-ல் லண்டனுக்கு மருத்துவம் படிக்கப் போனார். காய்ச்சல் விடாமல் படுத்தியதால் அதை விட்டுவிட்டு, கேம்பிரிட்ஜ் கிறைஸ்ட்ஸ் கல்லூரியில் இயற்கை அறிவியல் படித்தார். இயற்பியலில் ரேலி பிரபு, தாவரவியலில் சிட்னி வைன்ஸ், ஃபிரான்சிஸ் டார்வின் என்று பெரிய ஆசிரியர்கள். இந்த ஃபிரான்சிஸ், பரிணாமக் கொள்கையைச் சொன்ன சார்லஸ் டார்வினின் மகன். இலைத்துளை வழியாக நீர் எப்படி ஆவியாகிறது என்று ஆராய்ந்தவரும்கூட.

மூன்று வருஷம் சம்பளம் வாங்காத பேராசிரியர்

1885-ல் கொல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் இயற்பியல் ஆசிரியர் வேலை கிடைத்தது. ஆனால் இந்தியர்களுக்கு ஐரோப்பியர் சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்குதான். போஸின் பணி தற்காலிகம் என்பதால் அதிலும் பாதி. வேலையை அவர் விடவில்லை, சம்பளத்தைத்தான் வாங்க மறுத்தார். ஒரு மாதம் இரண்டு மாதம் இல்லை, மூன்று வருஷம். அப்பா தலையில் கடன் இருந்த நேரம் அது. கடைசியில் நிர்வாகம் இறங்கி வந்து முழுச் சம்பளத்தையும் முன்தேதியிட்டுக் கொடுத்தது. அந்தப் பணம் குடும்பக் கடனை அடைக்கப் போனது.

இதற்கு நடுவில் 1887-ல் அபலா தாஸைத் திருமணம் செய்துகொண்டார். தமிழ்நாட்டுக்கு இங்கே ஒரு சின்னத் தொடர்பு இருக்கிறது. கொல்கத்தாவில் பெண்களுக்கு மருத்துவப் படிப்பில் இடம் கிடைக்காத காலத்தில், அபலா சென்னைக்கு வந்து மருத்துவம் படித்தவர். உடல்நிலை காரணமாகப் பாதியில் நிறுத்த வேண்டியிருந்தது. பின்னாளில் பெண் கல்விக்காகப் பெரிய அளவில் வேலை செய்தார்.

1890-களில் போஸ் செய்தது முழுக்க இயற்பியல். சில மில்லிமீட்டர் நீளமே உள்ள மின்காந்த அலைகளை உருவாக்கி, சுவரைத் தாண்டி அனுப்பி, மணியை அடிக்கவும் வெடிமருந்தைப் பற்றவைக்கவும் செய்து காட்டினார். 5ஜி பேச்சில் அடிபடும் மில்லிமீட்டர் அலைகள்தான் அவை. கருவிகளை உள்ளூர்த் தகர வேலைக்காரர்களை வைத்தே செய்துகொண்டார்.

அந்த அலைகளைப் பிடிக்கும் உலோகக் கருவி ஒன்று, ரொம்ப நேரம் வேலை செய்தால் மந்தமாகிவிடும். சற்று ஓய்வு கொடுத்தால் பழையபடி நன்றாக வேலை செய்யும். மனிதத் தசை களைப்படைவது போல உலோகமும் களைப்படைகிறதா என்று யோசித்தார். தசைக்கும் உலோகத்துக்கும் நடுவில் இருப்பது செடி. அப்படித்தான் இயற்பியலாளர் தாவரவியலுக்குள் நுழைந்தார்.

தாவரவியலாளர்களுக்கும் உடலியலாளர்களுக்கும் இது பிடிக்கவில்லை. 1901-ல் லண்டனில் தன் முடிவுகளை வைத்தபோது, அந்தத் துறையின் மூத்தவர்கள் நேருக்கு நேர் எதிர்த்தார்கள். ராயல் சொசைட்டி அவரது கட்டுரையை அச்சிடாமல் கிடப்பில் போட்டது. அந்த நாட்களில் அவருக்குத் துணை நின்றவர்களில் ஒருவர் சகோதரி நிவேதிதா, பாரதியார் குருவாக ஏற்றுக்கொண்ட அதே நிவேதிதா.

கும்பிடும் மரம்

இப்போது ஃபரித்பூருக்குத் திரும்பலாம்.

அங்கே ஈச்ச வகை மரம் ஒன்று இருந்தது. புயலில் சாய்ந்து, தண்டு நன்றாகச் சரிந்த நிலையில் உயிரோடு இருந்த மரம். சாயங்காலம் கோயில் மணி அடிக்கும் நேரத்தில் தலையைத் தாழ்த்தி, ஓலைகள் தரையில் படக் கிடக்கும். விடிந்தால் தலை தூக்கி நிற்கும். தினமும் இதுவே. மரம் சாமி கும்பிடுகிறது என்று சொல்லிப் பக்தர்கள் கூட ஆரம்பித்தார்கள். காணிக்கை வைத்தார்கள், நோய் குணமானது என்றும் சொன்னார்கள்.

போஸ் அங்கே ஒரு பதிவுக் கருவியைக் கட்ட விரும்பினார். மரத்தின் சொந்தக்காரர் ஒப்புக்கொள்ளவில்லை. வெளிநாட்டுக் கருவி மாதிரி இருக்கிறதே, தொட்டால் மரத்தின் சக்தி போய்விடுமே என்ற பயம். கருவி இந்தியாவில் தன் ஆய்வகத்திலேயே செய்தது, அதைக் கட்டப்போகும் உதவியாளர் ஒரு பூசாரியின் மகன் என்று போஸ் உறுதி சொன்ன பிறகுதான் அனுமதி கிடைத்தது. நம்பிக்கையைக் கிண்டல் செய்துவிட்டு நகர்ந்துவிடாமல், சொந்தக்காரரின் மொழியிலேயே பேசி வேலையை முடித்த அந்தச் சாமர்த்தியம் இன்றைய அறிவியல் பிரசாரகர்கள் பலரிடம் இல்லை.

இரவும் பகலும் ஓடிய கருவி வேறு ஒரு கதையைச் சொன்னது. மரம் சாயங்காலம் மட்டும் குனியவில்லை. காலையில் வெயில் ஏற ஏற மெல்ல இறங்குகிறது. பகலின் உச்ச வெப்பத்தை ஒட்டி, பிற்பகலில் மிகவும் தாழ்ந்துவிடுகிறது. இரவு குளிரக் குளிர மறுபடி எழும்பி, விடியற்காலையில் உச்சத்துக்கு வருகிறது. மணி அடிக்கும்போது அது தாழ்ந்துதான் இருந்தது, ஆனால் அதற்கு மணி காரணம் இல்லை. வெப்பமானியின் கோடும் மரத்தின் கோடும் ஒன்றுக்கொன்று எதிராக, சேர்ந்தே நடந்தன.

இதைக் குளிர் வெப்பத்தால் நீளும் சுருங்கும் கம்பி மாதிரி எடுத்துக்கொள்ளலாமா? சிறிது காலத்தில் அதற்கும் பதில் வந்தது. மரம் செத்துப்போனது, அசைவும் நின்றுபோனது. வெயில் வழக்கம்போல அடித்துக்கொண்டுதான் இருந்தது. அதாவது, இது உயிருள்ள திசுவின் வேலை என்று போஸ் முடிவு செய்தார். 1918-ல் வந்த அவரது புத்தகத்தில் இந்த மரத்துக்குத் தனி இடம் உண்டு.

இது நீரேற்றத்தைப் பற்றிய சோதனை இல்லை, மரத்தின் அசைவைப் பற்றியது. ஆனால் செடியின் உள்விவகாரத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வெப்பநிலை ஒரு நல்ல சாவி என்பது போஸுக்குப் பிடிபட்டது. அந்தச் சாவியை எடுத்துக்கொண்டுதான் அடுத்த பெரிய பூட்டுக்குப் போனார்.

பம்ப்செட் ஊர்க்காரர்களுக்குப் புரியும் கேள்வி

கோவைக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். மேலே வைத்த மோட்டார் கிணற்றுத் தண்ணீரை உறிஞ்சி இழுக்கும் ஆழத்துக்கு ஓர் எல்லை உண்டு. கணக்குப்படி சுமார் 10 மீட்டர், நடைமுறையில் அதற்கும் குறைவு. நீர்மட்டம் இறங்க இறங்க மோட்டாரைக் கிணற்றுக்குள்ளேயே இறக்கி வைத்ததும், பிறகு நீர்மூழ்கி மோட்டார் வந்ததும் அதனால்தான். ஆனால் 20 மீட்டர் தென்னை, சத்தமே இல்லாமல், கரன்ட் பில்லும் இல்லாமல் உச்சிக்குத் தண்ணீர் ஏற்றுகிறது. உலகின் மிக உயரமான மரங்கள் 100 மீட்டரையும் தாண்டுகின்றன. எங்கே இருக்கிறது மோட்டார்?

போஸ் காலத்தில் இதற்கு இரண்டு கட்சிகள் இருந்தன. டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சன், ஜான் ஜோலி இருவரும் 1894-ல் சொன்னது: மோட்டாரே கிடையாது. இலையில் நீர் ஆவியாகும்போது மேலிருந்து ஓர் இழுவிசை உண்டாகிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொள்வதால், வேர் வரைக்கும் ஒரே கயிறாக மேலே வருகிறது. நீர் போகும் மரக்குழாய்களோ இறந்த செல்களால் ஆனவை, வெறும் பைப் லைன்தான். அதற்குச் சற்று முன்பு ஜெர்மனியில் எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர், உயரமான மரங்களை அடியில் அறுத்து விஷக் கரைசலில் நிறுத்திப் பார்த்திருந்தார். உயிர்ச் செல்கள் செத்த பிறகும் நீர் ஏறியது.

போஸ் இதை ஏற்கவில்லை. உயிருள்ள செல்கள் சுருங்கி விரிந்து, இதயம் துடிப்பது போலத் துடித்து, நீரைப் படிப்படியாக மேலே தள்ளுகின்றன என்றார். தண்டின் புறணியின் உள்ளடுக்கில்தான் அந்தத் துடிப்பு இருக்கிறது என்பது அவர் கணிப்பு. மெல்லிய மின்முனை ஒன்றைத் தண்டுக்குள் துளித்துளியாக இறக்கி, எந்த அடுக்கில் மின் துடிப்பு அதிகம் என்று பார்த்தார்.

வெப்பநிலை இங்கேதான் வருகிறது. வாடித் தொங்கும் இலையில் ஒரு நெம்புகோல் முள்ளைக் கட்டி, புகை படிந்த கண்ணாடியில் கோடு போட வைத்தார். பிறகு வேருக்கு நீர் விடுவார். நீர் மேலே வந்து சேர்ந்ததும் இலை நிமிரும், முள் மேலே போகும். இலையே அளவுகோல். வெதுவெதுப்பான சூழலில் நீர் வேகமாக ஏறியது. குளிர வைத்தால் மந்தமாகி, ஒரு கட்டத்தில் நின்றேவிட்டது. வெப்பத்தை அளவுக்கு மீறி ஏற்றினாலும் செடி தாங்கவில்லை. சுமார் 60 டிகிரி செல்சியஸில் செடிகளில் ஒரு மரண வலிப்பு பதிவாகிறது என்றும் அவர் எழுதினார். வெறும் பைப் என்றால் குளிருக்கு இவ்வளவு பயப்படுமா, ஆகவே இது உயிரின் வேலைதான் என்பது அவர் வாதம். 1923-ல் இந்த ஆய்வுகள் தனிப் புத்தகமாக வந்தன.

அளவு சரி, மோட்டார் தப்பு

அப்போது போஸ் சாதாரண ஆள் இல்லை. 1917-ல் சர் பட்டம், அதே வருஷம் கொல்கத்தாவில் சொந்த ஆய்வு நிறுவனம். செடியின் வளர்ச்சியைப் பல ஆயிரம் மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கிரெஸ்கோகிராஃப் கருவியை லண்டனில் சந்தேகப்பட்டவர்கள் முன்னால் ஓட்டிக் காட்டி, 1920-ல் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனார். ஒரு காலத்தில் அவர் கட்டுரையைக் கிடப்பில் போட்ட அதே சொசைட்டி. இத்தனை மரியாதையையும் அவர் இந்தத் துடிக்கும் செல் கருத்தின் மேல் பந்தயம் வைத்தார்.

பந்தயத்தில் தோற்றார். துடிக்கும் செல்கள் மற்ற ஆய்வகங்களில் உறுதிப்படவில்லை. டிக்சன், ஜோலியின் கயிறு விளக்கம்தான் நின்றது. 1965-ல் பெர் ஷோலாண்டர் என்ற உடலியலாளர், உயரமான மரங்களின் உச்சிக் கிளைகளைத் துப்பாக்கியால் சுட்டு வீழ்த்தி, அழுத்தக் கலத்தில் வைத்து அளந்தபோது, மரத்துக்குள் நீர் உண்மையிலேயே இழுபட்ட நிலையில் இருப்பது தெரிந்தது. போஸ் இறந்து அப்போது 28 வருஷம்.

வாட்ஸ்அப் ஃபார்வர்டுகளில் இந்தப் பகுதி வராது. போஸ் எல்லாவற்றிலும் சரி, வெள்ளைக்காரர்கள் பொறாமையில் மறைத்தார்கள் என்றுதான் வரும். சம்பள விஷயத்தில் அநியாயம் நடந்தது, 1901-லும் நடந்தது. ஆனால் நீரேற்ற விஷயத்தில் அவர் தோற்றது சோதனையில். இரண்டையும் ஒன்றாகக் குழப்பினால் அவருக்கு நாம் செய்யும் மரியாதை குறைந்துதான் போகும்.

அப்போ குளிரில் நீர் மெதுவாகவும் வெப்பத்தில் வேகமாகவும் ஏறியதாக அவர் அளந்தது? அது நிஜம்தான். காரணம்தான் வேறு. அதுவும் ஒரே காரணம் இல்லை.

முதல் காரணம் தண்ணீரே. சூடானால் அது இளகும். 20 டிகிரியில் இருக்கும் பிசுபிசுப்பு, 40 டிகிரியில் மூன்றில் இரண்டு பங்குக்கும் சற்றுக் கீழே இறங்கிவிடுகிறது. 10 டிகிரியில் சுமார் 30 சதவீதம் கூடுகிறது. மரக்குழாய் செத்ததாகவே இருந்தாலும் குளிர்ந்த நீர் அதில் மெதுவாகத்தான் ஓடும். உயிர் இல்லாத பைப் குளிருக்குப் பதில் சொல்லாது என்று போஸ் நினைத்தது இங்கே சறுக்குகிறது.

இரண்டாவது, வேர். மண்ணிலிருந்து மரக்குழாயை அடைய, நீர் உயிருள்ள வேர்ச் செல்களைக் கடக்க வேண்டும். அந்தச் செல் சவ்வுகளில் நீருக்கென்றே புரத வாசல்கள் இருக்கின்றன, அக்வாபோரின் என்று பெயர். இவற்றை 1990-களின் தொடக்கத்தில் அடையாளம் கண்ட பீட்டர் ஆக்ரேவுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது. மண் குளிர்ந்தால் வேரின் இந்த வழி இறுகிவிடும். 19-ம் நூற்றாண்டிலேயே ஜெர்மனியின் யூலியுஸ் சாக்ஸ், ஈரமான தொட்டி மண்ணைக் குளிர வைத்தாலே புகையிலையும் பூசணியும் வாடுவதைக் காட்டியிருக்கிறார். உயிர்ச் செல்களுக்கு இதில் பங்கு உண்டு என்ற அளவில் போஸுக்கு ஒரு ஓரத்தில் இடம் கிடைக்கிறது. ஆனால் அது காவலாளி வேலை, பம்ப் வேலை இல்லை.

மூன்றாவதுதான் கொங்கு வெயிலில் எல்லாவற்றையும் விடப் பெரியது, காற்றின் தாகம். ஒரு கன மீட்டர் காற்று 20 டிகிரியில் அதிகபட்சம் 17 கிராம் நீராவியைத் தாங்கும். 30 டிகிரியில் 30 கிராம். 40 டிகிரியில் 51 கிராம். 20 டிகிரியிலிருந்து 40 டிகிரிக்கு ஏறினால் காற்றின் கொள்ளளவு மூன்று மடங்கு. காற்றில் ஏற்கெனவே இருக்கும் ஈரம் கூடாமல் வெயில் மட்டும் ஏறும் நாளில், இலையிலிருந்து நீரைப் பிடுங்கும் பசி எக்கச்சக்கமாகக் கூடுகிறது. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்றும் சேர்ந்துகொண்டால், இலையை ஒட்டியிருக்கும் ஈரப் படலத்தை அடித்துக்கொண்டு போய்விடும்.

மதிய அரசாணிக் கொடியின் கதை இதுதான். வேர் தண்ணீரை அனுப்பிக்கொண்டேதான் இருக்கிறது. மேலே செலவாகும் வேகத்துக்கு அதால் ஈடுகொடுக்க முடியவில்லை. சம்பளம் வந்தாலும் இ.எம்.ஐ. அதற்கு முன்னாலேயே இழுத்துவிடுவது மாதிரி. சாயங்காலம் வெயில் இறங்கினால் செலவு குறைகிறது, கணக்கு நேராகிறது, இலை நிமிர்கிறது. அந்த மதிய வாட்டத்தைப் பார்த்து ஈர மண்ணிலேயே மறுபடி தண்ணீர் விட்டால் பலன் இல்லை, வேர் மூச்சுவிட முடியாமல் கெடத்தான் செய்யும். காலையிலும் இலை தொங்கினால்தான் மண்ணில் உண்மையாகவே நீர் இல்லை என்று அர்த்தம்.

செடி சும்மா இருப்பதில்லை. இலைத்துளைகளை மூடி நீரைச் சேமிக்கும். ஆனால் துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது, உணவு தயாரிப்பு நின்றுவிடும். இலையைக் குளிர்விக்கும் ஆவியாதலும் குறைந்து இலை இன்னும் சூடாகும். அதையும் மீறி இழுவிசை கூடினால் அந்த நீர்க் கயிறு அறுந்து, மரக்குழாய்க்குள் காற்றுக் குமிழி புகுந்து அடைத்துக்கொள்ளும். கிணற்று மோட்டாரில் ஏர் லாக் ஆவது போலத்தான்.

தென்னைக்கு இதில் ஒரு தனிக் கஷ்டம். வேம்பு, புளி போன்ற மரங்கள் தண்டில் புதிது புதிதாக மரக்குழாய்களை உருவாக்கிக்கொள்ளும். தென்னையால் அது முடியாது. அடித்தண்டில் முதலில் அமைந்த குழாய்களை வைத்தே பல பத்தாண்டுகள் ஓட்ட வேண்டும். பழைய பைப் லைனை மாற்ற வழியே இல்லாத வீடு மாதிரி. கோடையில் ஒரு தோப்பு சரியாகக் காய்ந்துவிட்டால் குரும்பை கொட்டுவதும், அடுத்து மழை வந்தும் மாதக்கணக்கில் காய்ப்பு தேறாமல் இழுப்பதும் பொள்ளாச்சி, ஆனைமலை விவசாயிகளுக்குப் புதிதல்ல. வட்டப்பாத்தியில் மட்டையையும் ஓலையையும் போட்டு மூடாக்கு போடுவது ஈரத்தைக் காக்க மட்டும் இல்லை. வேர் இருக்கும் மேல்மண் கொதிக்காமல் இருக்கவும் அதுதான் வழி.

கடைசி வருஷங்கள்

போஸ் தன் கருத்தைக் கடைசி வரை விடவில்லை. 1926-ல் செடிகளின் நரம்பு அமைப்பு பற்றிய புத்தகம் வந்தது. தொட்டாற்சிணுங்கியும், நம்மூர் மூலிகைக்காரர்கள் தொழுகண்ணி என்று சொல்லும் செடியும் அவருடைய ஆய்வகத்தின் நிரந்தர விருந்தாளிகள். தொழுகண்ணியின் சிறு இலைகள் தாமாகவே ஏறி இறங்கும். அந்த அசைவைத்தான் அவர் இதயத் துடிப்போடு ஒப்பிட்டார். செடிகள் மின் சமிக்ஞை அனுப்புகின்றன என்ற பகுதியில் இன்றைய ஆய்வாளர்கள் அவரை முன்னோடியாக மரியாதையோடு குறிப்பிடுகிறார்கள். நீரேற்றம் பற்றி எழுதும்போது, கைவிடப்பட்ட கருத்துகளின் பட்டியலில் அவர் பெயர் வருகிறது.

1937 நவம்பர் 23 அன்று, இன்றைய ஜார்க்கண்டில் இருக்கும் கிரிடீயில் போஸ் இறந்தார். 79 வயது நிறைய ஒரு வாரம் இருந்தது. தகர வேலைக்காரர்களோடு சேர்ந்து அவர் செய்த கருவிகளில் பல, கொல்கத்தாவில் அவர் தொடங்கிய போஸ் நிறுவனத்தின் அருங்காட்சியகத்தில் இன்றும் இருக்கின்றன. கிரெஸ்கோகிராஃபையும் அங்கே பார்க்கலாம்.